இரண்டாம் ஃப்ளோரில் நுரை

"ஹலோ… ஆமா, நான்தான்… சொல்லுங்க தம்பி… இல்ல இல்ல, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல, போஸ்டர்தான் பாத்துட்டிருந்தேன்… ம்… ம்… என்னது?… இருங்க, இருங்க. திரும்பச் சொல்லுங்க… ரெண்டாம் ஃப்ளோர்ல யாரு?… குண்டூசியா? நம்ம குண்டூசியா?… அவருக்கு இன்னிக்கு அங்க என்ன வேலை?"

மேசை மேல் விரித்திருந்த போஸ்டரைக் கத்தரி அம்மா ஒரு கையால் சுருட்டினார். அது பாதியில் நழுவி மறுபடியும் விரிந்துகொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் ஃப்ளோர் என்பது ஸ்டூடியோவின் படப்பிடிப்புக் கூடங்களில் ஒன்று.

அந்த ஸ்டூடியோவில் எந்தக் கதையைப் படமாக எடுப்பது, யாரை வைத்து எடுப்பது, எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்கிற நாற்காலி அவருடையது. கதை இலாகாவில் இருந்த காலத்தில், வந்த கதைகளையெல்லாம் தயவுதாட்சண்யம் பார்க்காமல் வெட்டித் தள்ளியதால் எழுத்தாளர்கள் வைத்த பெயர் 'கத்தரி'. வயது ஏற ஏற அதோடு ஓர் 'அம்மா'வும் சேர்ந்துகொண்டது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

போனில் பேசியது சின்னவர். ஸ்டூடியோவை ஆரம்பித்து நடத்திய பெரியவர் போன வருஷம் கண்ணை மூடிய பிறகு, மகன் சின்னவர்தான் முதலாளி. வெளிநாட்டில் படித்தவர், நல்ல உடை உடுத்துபவர், யாரிடமும் இரைந்து பேசாதவர். பள்ளிக்கூடப் பையோடு ஸ்டூடியோவுக்குள் ஓடி விளையாடிய பிள்ளை என்பதால் அம்மாவுக்கு இன்னும் தம்பிதான். அவருக்கும் இத்தனை காலம் இவர் அக்காதான். பெரியவர் போன மறுமாதம் அது 'மேடம்' ஆகிவிட்டது.

"காமெடி சீன்… ரெண்டு… ம்… குளிக்கற தொட்டியில வழுக்கி விழறாரு… ம்… ஒரு அம்மா உள்ள வந்து கத்தறாங்க… சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்… தம்பி, அந்த ஆளு காணாமப்போன பொண்ணத் தேடிட்டிருக்காரு. தேடற நேரத்துல நுரை போட்டுக் குளிக்கவா போவாரு?… இல்ல, நான் கிண்டல் பண்ணல. கிண்டல் பண்றது நீங்க… டைரக்டருக்குத் தெரியுமா?… தெரியாது. அது சரி. அவரப் பேட்டி குடுக்க வெளியூருக்கு அனுப்பிட்டு, இங்க தொட்டியில தண்ணி ரொப்பியாச்சு. எல்லாம் முடிவு பண்ணிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கறீங்க."

படம் வருகிற வெள்ளிக்கிழமை தியேட்டர்களுக்கு வர வேண்டியது. ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற அப்பா. ஒரு நாள் மகளையும் அதே லிஃப்டில் கீழே இறக்கிவிடுகிறார். போனவள் திரும்பி வரவில்லை. அப்புறம் முழுக்க அவர் தேடுவதுதான் கதை. அந்த அப்பாவாக நடித்தவர் குண்டூசி. ஒல்லியாக இருந்த காலத்தில் வைத்த பெயர்; இப்போது ஐம்பதைத் தாண்டி, தொப்பையும் வந்து, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. திரையில் அவர் தலை தெரிந்தாலே தியேட்டர் சிரிக்கும். புருவத்தைத் தூக்கினால் விசில் பறக்கும். அந்த மனிதரைக் கூப்பிட்டு, "முகத்த வெச்சு ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா இருங்க, அது போதும்" என்று சொன்னவர் கத்தரி அம்மா. சும்மா இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வந்தது. அப்படி ஒரு முகம் அவருக்குள் இருந்தது அவருக்கே தெரியாது.

போன வாரம் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. முடிந்து விளக்கு எரிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை. சிரிக்க வருகிற ஜனங்களை இப்படி அழவைத்து அனுப்பினால் படம் படுத்துவிடும் என்று விநியோகஸ்தர் பயந்தார். ரெண்டு காமெடி சீன் சேருங்கள் என்றார். முடியாது என்று அம்மா சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தார்.

"வர்றேன்… உங்க ரூமுக்கு இல்ல, ஃப்ளோருக்கு… ஏன் வரக்கூடாது? நான் என்ன கைக்குழந்தையா, தொட்டியில விழுந்துடுவேன்னு பயப்படறதுக்கு?… பேசிட்டே நடக்கறேன், நீங்க சொல்லுங்க… சர்வேயா?… யாரு எடுத்தது?… சரி, கடைத்தெருவுல நின்னு கேட்டாங்க. என்னன்னு கேட்டாங்க?… 'குண்டூசிய எப்படிப் பாக்க ஆசை'ன்னு கேட்டா சிரிக்க ஆசைன்னுதான் சொல்லுவாங்க. என்னைக் கேட்டிருந்தா நானும் அதான் சொல்லியிருப்பேன். படத்தக் காட்டிட்டுக் கேட்டாங்களா?… காட்டல… ஆமா… ஆமா, புரியுது… காலம் மாறிடுச்சு, ஜனங்க மாறிட்டாங்க, நான் மட்டும் மாறல. அதானே?… நீங்க சொல்லல. சொல்லாம சொல்றீங்க. பரவால்ல."

மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டு, எதிரே துணிமூட்டையோடு ஏறி வந்த உடை இலாகா ஆள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அம்மா அப்படி வேகமாக இறங்கினால் யாருக்கோ இன்றைக்கு இருக்கிறது என்று ஸ்டூடியோ முழுக்கத் தெரியும்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. இப்போது ஓட்டை உடைசல் நாற்காலிகளைப் போட்டு வைக்கிறார்கள். பத்தொன்பது வயதில் அம்மா வேலைக்குச் சேர்ந்தது அந்த அறையில்தான். டெலிபோன் ஆபரேட்டர். காதில் கனமான கருவியை மாட்டிக்கொண்டு, வருகிற அழைப்புகளை மாடிக்கு இணைப்பது வேலை. படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை மதியம் தியேட்டர் மேனேஜர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் "நல்லாப் போகுது சார்" என்று சொல்லி முடித்த பிறகு, ஆபரேட்டர் பெண் பெரியவரிடம், "சார், படம் போகல" என்று சொல்லிவிட்டாள். வேலை போச்சு என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பெரியவர் கீழே இறங்கி வந்து, எப்படித் தெரியும் என்று கேட்டார். "ஓடற படம்னா மேனேஜர் கத்திதான் பேச முடியும் சார், பின்னாடி கூட்டத்தோட சத்தம் இருக்கும். இன்னிக்கு அவருக்குப் பின்னாடி ஃபேன் ஓடற சத்தம்தான் கேக்குது" என்றாள். திங்கட்கிழமை அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கதை இலாகாவில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று சொல்ல முடியாது. அவர் தேர்ந்தெடுத்த முதல் கதை மூன்றே நாளில் பெட்டிக்குள் போனது. ராஜினாமா செய்யப் போனவரைப் பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடுத்த கதை என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அவர் இத்தனை வருஷம் வேலை பார்த்தார். ஓடியது பாதி, ஓடாதது பாதி. நடுவில் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வளர்ந்தன, வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டார். கத்தரி அம்மா மட்டும் எந்த வெள்ளிக்கிழமையும் லீவு போட்டதில்லை.

"தம்பி… ஒரு நிமிஷம். யாருப்பா அது, நடுவழியில பலகையப் போட்டு வெச்சிருக்கறது? மனுஷங்க நடக்கறதா, பறக்கறதா?… உங்கள இல்ல தம்பி, தச்சுப் பட்டறை ஆளுங்கள… சரி விடுப்பா, நானே சுத்திப் போறேன், நீ வேலையப் பாரு. காலையில சாப்டியா?… ஹலோ. சொல்லுங்க தம்பி… ஆமா… ஆமா, ஆமா… இருங்க. இப்ப இருமினது யாரு?… இல்ல, நீங்க இல்ல. உங்க இருமல் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல உங்களுக்கு மருந்து ஊத்துனவ நான்… ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?"

அவர் நின்றுவிட்டார். இரண்டாம் ஃப்ளோரின் பெரிய இரும்புக் கதவு எதிரே தெரிந்தது. மேலே சிவப்பு விளக்கு எரியவில்லை. அப்படியானால் இன்னும் படம்பிடிக்க ஆரம்பிக்கவில்லை. இருமியது விநியோகஸ்தர் என்பதும் புரிந்துவிட்டது.

"அண்ணே, வணக்கம்ணே. எப்ப வந்தீங்க?… நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? அண்ணி எப்படி இருக்காங்க?… தம்பி, இருங்க, இத நான் அண்ணன்கிட்டயே பேசிக்கறேன்… ஏன் பேசக்கூடாது? அவரு கேட்டாருன்னுதானே நீங்க தொட்டி வாங்கியிருக்கீங்க… அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன வாரம் படம் முடிஞ்சதும் வெளிய வந்து தூணுக்குப் பின்னாடி நின்னீங்களே, எதுக்கு?… சிகரெட்டா? நீங்க சிகரெட்ட விட்டு எவ்ளோ காலம் ஆச்சு… அழுதீங்களா இல்லையா?… கேக்கல… கொஞ்சம் சத்தமா… ம்… ம்… பொண்ணுக்குப் போன் பண்ணுனீங்க. பேசி எவ்ளோ நாளாச்சு அந்தப் பொண்ணுகிட்ட?… ம்."

குரலில் இருந்த கூர்மை போய்விட்டது. விநியோகஸ்தருக்கு ஒரே மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டில் அவள் பேரை எடுப்பதில்லை என்று அம்மா கேள்விப்பட்டிருந்தார். அதைப் பற்றி மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

"சரிண்ணே. அவ்ளோதான்… இல்ல, பயப்படாதீங்கன்னு நான் சொல்லல. பயம் எனக்கும் இருக்கு. ஓடும்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன். ஆனா படம் பாத்துட்டு நீங்க போனை எடுத்தீங்கல்ல, அந்தப் படத்துக்கு நடுவுல ஒரு தொட்டியக் கொண்டுவந்து வெச்சா எடுத்திருப்பீங்களா?… யோசிங்க. நான் உள்ள போறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே ஒரு சொகுசு ஹோட்டலின் குளியலறையை அட்டையிலும் பலகையிலும் கட்டியிருந்தார்கள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சுற்றிலும் விளக்குகள் எரிந்து வெக்கை அடித்தது. நடுவில் வெள்ளைத் தொட்டி, விளிம்பு வரைக்கும் நுரை, நுரைக்கு நடுவே குண்டூசி. தலையில் பெண்கள் குளிக்கும்போது போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் தொப்பி, மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிய ஒட்டு மீசை. பக்கத்தில் நின்ற உதவி டைரக்டர் அம்மாவைக் கண்டதும் கையிலிருந்த காகிதங்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

குண்டூசி எழுந்திருக்கப் பார்த்து, வழுக்கி, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைக்க முயலவில்லை. காலையில் இருந்து ஒரே குழப்பமாக இருக்கிறது என்றார். மேடமே இதைச் செய்யச் சொன்னதாக ஆள் வந்து சொன்னதும் முதலில் நம்ப முடியவில்லையாம். அப்புறம், அவங்க சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று வந்து தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாராம்.

"தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"தம்பி… நான் கூப்பிட்டதாச் சொல்லியா இவர வரவெச்சீங்க?… ஆமாவா, இல்லையா?… யார் சொன்னாங்கங்கறது அப்புறம். உங்களுக்குத் தெரிஞ்சு நடந்துச்சா?… சுத்தி வளைக்காதீங்க… ஓ. நான் கூப்பிட்டாதான் வருவாருன்னு தெரியும். அதனால என் பேரச் சொன்னீங்க. அப்ப என் பேரு வேணும், நான் வேணாம்… இல்ல, கத்தல. இதுக்கு மேல கத்துனாதான் கத்தறது… வியாபாரமா? உங்க அப்பாவும் வியாபாரம்தான் பண்ணாரு. என்னத் திட்டியிருக்காரு, பேப்பரத் தூக்கி மூஞ்சியில அடிச்சிருக்காரு. எம்பேரச் சொல்லி ஒருத்தர ஏமாத்துனதில்ல… அவரு பேர இழுக்கறது நான் இல்ல, இந்தக் கட்டடம் பூரா அவரு பேருதான்."

குண்டூசி தொட்டியிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டார். நுரை அவர் மார்பு வரைக்கும் ஏறி இறங்கியது.

"என்ன?… என்ன சொன்னீங்க?… சரி, அப்படியே சொல்றேன். குண்டூசி, கேளுங்க. சின்னவர் சொல்றாரு. இன்னிக்கு நீங்க இந்த சீன்ல நடிக்கலன்னா, அடுத்து உங்கள வெச்சு எடுக்கறதா இருந்த மூணு படமும் கிடையாதாம். மூணும் காமெடி. நல்ல வேஷம்… தம்பி, சொல்லிட்டேன்… இல்ல, நான் எதுவும் சொல்லிக்குடுக்க மாட்டேன். குண்டூசி, இது உங்க பொழப்பு. எனக்காகப் பாக்காதீங்க. வீட்ட நெனச்சு முடிவு பண்ணுங்க. நடிச்சீங்கன்னா நாளைக்கும் உங்ககிட்ட நான் இதே மாதிரிதான் பேசுவேன்."

அதைச் சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், குண்டூசியைப் பார்த்தால் அதுவே ஒரு கட்டாயமாகிவிடும் என்று. போனையும் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். விளக்குகள் மெல்ல இரையும் சத்தம் மட்டும் கேட்டது. குண்டூசிக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பாதி கட்டிய வீடு ஒன்று நிற்கிறது. இதெல்லாம் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

தண்ணீர் சளசளத்தது. அம்மா திரும்பினார். குண்டூசி பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். மீசையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். பசை காய்ந்திருந்தது, வலித்திருக்கும். இன்னொரு பக்கத்தையும் இழுத்தார். மேக்கப்காரர் ஓடி வந்து துண்டை நீட்டினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, ஒரு தடவைகூட வழுக்காமல் வெளியே வந்து நின்றார். நானும் பொண்ணு பெத்தவன்தான் மேடம் என்று மட்டும் சொன்னார்.

"தம்பி, அவரு எழுந்துட்டாரு… ஆமா… மீசையையும் எடுத்தாச்சு… இல்ல, நான் எடுக்கல, அவரு மூஞ்சி, அவரு எடுத்தாரு… அண்ணே? அண்ணன்தானே பேசறீங்க?… ம்… ம்… கேட்டுட்டே இருந்தீங்களா?… ம்… அப்படியே வந்தா எடுத்துக்கறீங்களா? ஒரு சீனும் சேக்காமயா?… நெஜமாவா?… இல்லண்ணே, நஷ்டம் வந்தா எம்மேல கோவப்படுங்க, அதுக்கு ரெடியாதான் இருக்கேன்… சரி… சரிண்ணே… வெள்ளிக்கிழமை, ஆமா, அப்படியே… எனக்கு நன்றி சொல்லாதீங்க. பொண்ணக் கேட்டதாச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டன. விநியோகஸ்தர் போய்விட்டார். இனிமேல் போனில் சின்னவர் மட்டும்தான். இரைந்து பேசிப் பழகாதவர் இரைந்தார். ஃப்ளோரில் நின்றவர்களுக்கு வார்த்தை புரியாவிட்டாலும், குரல் போனை மீறிக்கொண்டு வருவது கேட்டது. கத்தரி அம்மா குறுக்கே பேசவில்லை. முழுதும் கேட்டார்.

"ம்… ம்… ஆமா, வெளி ஆள் முன்னாடி உங்களுக்கு அசிங்கமாப் போச்சு. அது உண்மைதான். ஸ்பீக்கர்ல போட்டது நீங்க… ம்… சொல்லுங்க, முழுசாச் சொல்லிடுங்க… இன்னியோட… ம்… உடம்புக்கு முடியலன்னு அறிக்கையா?… வேணாம். எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, இப்பதான் மாடியில இருந்து ஓடி வந்தேன். நீக்கிட்டோம்னு போடுங்க. சொன்ன பேச்சு கேக்கல, நீக்கிட்டோம், அப்படின்னே போடுங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல… மரியாதையா அனுப்பறீங்களா? இதவிட என்ன மரியாதை வேணும் எனக்கு?… அழுகையா? யாரு, நானா?… இல்ல தம்பி. சத்தியமா இல்ல. நுரை கண்ணுல பட்டுடுச்சு."

நுரை படவில்லை. தொட்டி எட்டடி தள்ளி இருந்தது. துப்பட்டாவின் ஓரத்தால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன பண்ணுவேனா?… ஏன், நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? படம் எடுப்பேன்… எதுல எடுப்பேன், எங்க எடுப்பேன், அதெல்லாம் தெரியல. நாளைக்குக் காலையில எழுந்திருச்சு யோசிப்பேன். சின்னதா எடுப்பேன். ஓடலன்னா இன்னொண்ணு எடுப்பேன்… குண்டூசி வருவாரான்னு அவரத்தான் கேக்கணும்… தலையாட்டறாரு… தம்பி, நீங்க நல்லா இருங்க. மனசாரச் சொல்றேன். ஆனா இன்னொரு தடவ எம்பேரச் சொல்லி யாரையும் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா நான் வந்து நிப்பேன்."

உதவி டைரக்டர் யாருடைய உத்தரவுக்குக் காத்திருப்பது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வழக்கமாக வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் அம்மா. இப்போது அதைச் சொல்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் சொல்லவும் இல்லை. மேலே பலகையில் உட்கார்ந்திருந்த மூத்த லைட்மேன் கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். நடிக்கிறவர் துண்டோடு நிற்கிறார். இனி வெளிச்சம் யாருக்கு? தன் பக்கத்து விளக்கை அணைத்தார்.

"என்ன?… என்ன சத்தமா? விளக்க அணைக்கறாங்க… நான் சொல்லல… இல்ல தம்பி, நான் வாயத் திறக்கல, உங்ககூடதானே பேசிட்டிருக்கேன்… அவங்களா அணைக்கறாங்க… ஆமா, எல்லாரும்… இடது பக்கம் முடிஞ்சுது… பின்னாடியும்… யார் யாருன்னா? இங்க இருந்து மூஞ்சி தெரியல. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்… போடச் சொல்லுங்க, வந்து நீங்களே சொல்லுங்க. நான் இங்க வேலையில இல்லையே."

தொட்டிக்கு நேர் மேலே இருந்த கடைசி விளக்கும் போனது. நுரையின் வெள்ளை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. யாரோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்கள். ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்தது. ஈரக் கையோடு குண்டூசி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி… கேக்குதா?… இங்க ஒரே இருட்டு. கீழ பூரா ஒயர் கெடக்கு, பாத்து நடக்கணும். வெச்சுடறேன்."